பற்பசைச் சோதனையில் முட்டை எதைக் காட்டுகிறது?

முட்டை, வினிகர், இரண்டு மூன்று வகைப் பற்பசை. சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டத்து ஊரில் எந்த மளிகைக்கடையிலும் இவை கிடைத்துவிடும். அதனால் அறிவியல் விழா என்றதும் ‘எந்தப் பற்பசை பல்லை நன்றாகக் காக்கும்’ என்ற சோதனையைப் பிள்ளைகள் ஆசையாக எடுக்கிறார்கள். முட்டை ஓடு பல்லுக்குப் பதில், வினிகர் பல்லை அரிக்கும் அமிலத்துக்குப் பதில்: ஓட்டில் பசை தடவி வினிகரில் போட்டு, எது குறைவாகக் கரைகிறது என்று பார்ப்பார்கள். நல்ல சோதனைதான். ஆனால் பசையைக் கழுவாமல் விட்டால் எல்லாம் வீண்.

பசையைத் தடிப்பாக அப்பி அப்படியே வினிகரில் இறக்கினால் அமிலம் ஓட்டைத் தொடவே நேரமாகும். அங்கே ஓட்டைக் காப்பது பல்லைக் காக்கப் பசையில் சேர்க்கும் ஃபுளோரைடு அல்ல, வெறும் பூச்சு. மார்ஜரின் தடவினாலும் ஓடு கொஞ்ச நேரம் தப்பிக்கும். எல்லா வகைப் பசையையும் ஒரே அளவில், ஒரே நேரம் வைத்திருந்து, நன்றாகக் கழுவிய பிறகே வினிகரில் போட வேண்டும்.

அடுத்தது ஒப்பீடு. பசையே படாத முட்டை இல்லாவிட்டால் எதைவிட எது நன்று என்று சொல்ல முடியாது. கோழியின் வயதுக்கேற்ப ஓட்டின் தடிமனும் மாறும். எல்லாமே ‘ஏ’ கிரேடு முட்டை என்றாலும் ஓடு ஒன்றுபோல் இருக்காது. இதற்கு எனக்குப் பிடித்த வழி, ஒரே முட்டையில் பென்சிலால் கோடு போட்டு ஒரு பாதிக்கு மட்டும் பசை தடவுவது. மறுபாதி தானாகவே ஒப்பீடாகிவிடும். இதையே பல முட்டைகளில் செய்து பார்க்க வேண்டும்.

வினிகரைக் கண்ணளவில் ஊற்றாதீர்கள். 5 விழுக்காடு வினிகர் 100 மில்லியில் உள்ள அமிலம் சுமார் 4 கிராம் ஓட்டை மட்டுமே கரைக்கும். ஒரு முட்டை ஓடோ 5, 6 கிராம் இருக்கும். ஒரு குவளையில் வினிகர் குறைந்தால் அந்தப் பற்பசைதான் வென்றதுபோல் தெரியும். முழு முட்டையை நிறுத்துப் பார்ப்பதும் ஏமாற்றும்: ஓடு கரையக் கரைய உள்ளே தண்ணீர் புகுந்து முட்டை கனத்துவிடும். நிறுப்பதானால் காலி ஓட்டை எடுத்து, முன்னும் பின்னும் காயவைத்து நிறுங்கள். 1 கிராம் வரை மட்டும் காட்டும் சமையலறைத் தராசு போதாது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வேகமாகக் கரையட்டும் என்று ரப்பர் பாலை உறையவைக்கும் ஃபார்மிக் அமிலத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். தோலைப் புண்ணாக்கிவிடும்.

அப்புறம் முடிவு எழுதும் இடம். முட்டை ஓட்டில் சுமார் 95 விழுக்காடு கால்சியம் கார்பனேட். பல்லின் கடினமான மேலடுக்கான எனாமலோ ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட். ஃபுளோரைடு எனாமலோடு சேர்ந்து, அமிலத்தை இன்னும் தாங்கும் ஃபுளோரபடைட்டாக மாற்றுகிறது. ஓட்டில் அந்த மாற்றம் அப்படியே நடக்காது. எனாமல் கரையத் தொடங்குவது பிஎச் 5.5 அளவில் (பிஎச் எண் குறையக் குறைய அமிலம் கடுமை). வினிகரோ 2.5 அளவில் இருக்கும். வாயில் உமிழ்நீர் அமிலத்தைத் தணிக்கும், இழந்த தாதுவையும் ஓரளவு திருப்பித் தரும். குவளையில் அதற்கு வழியில்லை. ஆகவே ‘இந்தப் பசையே பல்லுக்குச் சிறந்தது’ என்று எழுதாமல், ‘இந்தப் பசை தடவிய ஓடு வினிகரில் குறைவாகக் கரைந்தது’ என்று உற்றறிந்ததை மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

பெட்டியில் அச்சிட்ட ஃபுளோரைடு அளவையும் அட்டவணையில் சேர்க்கலாம். பெரியவர்களுக்கான பசையில் அது பெரும்பாலும் 1000 முதல் 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). சில மூலிகைப் பசைகளில் ஃபுளோரைடே இருக்காது.