பழைய ஃபைபர் வள்ளத்தின் அடியை வீட்டு முற்றத்தில் சரிசெய்வது

எங்கள் வள்ளம் 2005-இல் வந்தது. சுனாமிக்குப் பிறகு குமரிக் கடற்கரையில் கட்டுமரம் கிடந்த இடங்களில் எல்லாம் ஃபைபர் வள்ளங்கள் வந்து நின்ற வருடம் அது. அப்பாவுக்குக் கிடைத்தது 18 அடி. நான் அப்போது ஷார்ஜாவில் ஒரு ஃபைபர் பட்டறையில் வேலையில் இருந்தேன். 11 வருடம் அங்கே தண்ணீர்த் தொட்டியும் சிறு படகும் வார்த்த கை இது. அந்தத் தைரியத்தில்தான் முதல் முறை கெடுத்தேன்.

20 நாள் விடுமுறைக்கு வந்திருந்தேன். வள்ளத்தை மணக்குடிக் காயலில் இருந்து ஏற்றி, 2 நாள் வெயிலில் போட்டு, தேய்த்து, மேட் எனும் கண்ணாடி நார்ப் பாய் ஒட்டி, 12-ஆம் நாள் தண்ணீரில் இறக்கிவிட்டேன். பார்க்க ஜோராக இருந்தது. அடுத்த ஓணத்துக்குள் ஒட்டுப் போட்ட இடம் அப்பளம் மாதிரி ஒரே துண்டாகக் கழன்று வந்ததாக அப்பா போனில் சொன்னார். திட்டவில்லை. "மக்கா, நீ தொட்டிக்கு ஒட்டுனது போல ஒட்டிட்டே" என்றார். சரியாகத்தான் சொன்னார். பட்டறையில் வார்ப்பது புதுச் சாமான், ஈரம் அறியாதது. பழைய வள்ளம் தண்ணீர் குடித்துக் கிடப்பது. இரண்டாம் முறை தை முதல் சித்திரை வரை எடுத்துக்கொண்டேன். அதில் ரெசின், அதாவது நாரை நனைத்து இறுகும் பிசின், கையில் எடுத்தது மொத்தம் 6 நாள்தான்.

நம் மாவட்டத்துக்கு மழை இரண்டு பக்கமும் வரும். இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகையும் உண்டு. அதனால் தை, மாசியை விட்டால் இந்த வேலையைத் தொடங்க நாள் இல்லை. தொழிலுக்குப் போகிற வள்ளத்தை ஆனி ஆடியில் கடல் கொந்தளிக்கும்போதுதான் சும்மா போட முடியும் என்று சிலர் அப்போது ஏற்றுகிறார்கள். ஏற்றி வைக்கலாம், சுரண்டலாம். ஒட்டு வேலை மட்டும் அந்த ஈரக்காற்றில் வேண்டாம்.

வள்ளத்தை 6 பேர் சேர்ந்து கவிழ்த்து, பழைய லாரி டயர்கள் மேல் வைத்தோம். மேலே ஓலைப் பந்தல், நாலு பக்கமும் காற்றுக்குத் திறப்பு. அடியில் ஒட்டி வளரும் ஓட்டுப் பூச்சியான கொட்டலசை இரும்புச் சட்டுவத்தால் சுரண்டும்போது சட்டுவத்தைச் சாய்த்துப் பிடியுங்கள். செங்குத்தாகக் குத்தினால் கொட்டலசோடு ஜெல்கோட் என்ற வழுவழுப்பான மேல்பூச்சும் பெயரும். பழைய பெயிண்டில் பாசி பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் மருந்து இருந்தால் அதை உலர்ந்தபடி தேய்க்காதீர்கள். அந்தத் தூசி நஞ்சு. தண்ணீர் விட்டு விட்டுத் தேயுங்கள், அந்தக் கழிவைக் காயலில் ஊற்றாதீர்கள்.

அடி வெளுத்ததும் தட்டிப் பார்க்கும் வேலை. எனக்கு 5 ரூபாய் நாணயம் போதும். முன்பக்கமான அணியத்தில் தொடங்கி ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடம் ‘டக்’ என்று கூர்மையாகக் கேட்கும். அடுக்கு பிரிந்த இடம் பழுத்த பலாச்சக்கையில் தட்டியது போல ‘தொப்’ என்று அமுங்கிக் கேட்கும். அந்த இடத்தை மெழுகுப் பென்சிலால் வளைத்துவிடுங்கள். எங்கள் வள்ளத்தில் 3 இடம் அகப்பட்டன. ஏராவில், அதாவது அடியின் நடு முதுகில், ஒரு முழ நீளம் மணலில் இழுபட்டு நார் தெரிந்தது. இடப்பக்கம் பாறையில் மோதிய இடம், 35 சென்டிமீட்டருக்கு 20. பின்னால் எஞ்சின் மாட்டும் பலகையின் கீழ்மூலை மூன்றாவது.

இவை போக, அடி முழுக்கக் கொப்புளங்கள். மிளகு அளவிலும் உண்டு, 2 ரூபாய் நாணய அளவிலும் உண்டு. எப்போதும் தண்ணீரில் கட்டிக்கிடக்கும் வள்ளத்தில் ஜெல்கோட் வழியாக நீர் மெல்ல உள்ளே இறங்கி, ரெசினில் சரியாக இறுகாமல் கிடந்ததைக் கரைத்து, அங்கேயே தேங்கும். அழுத்தம் ஏற ஏற மேல்தோல் உப்பும். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒன்றைக் குத்திப் பாருங்கள், பீச்சி அடிக்கும். விரலில் தொட்டால் வழுவழுப்பு, மோந்தால் வினிகர் வாடை. அந்த வாடை வந்துவிட்டால் மேலே புட்டி பூசி மூடிவிடலாம் என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும்.

ஒவ்வொன்றையும் உடைத்து, வெள்ளைத் தோலைச் சுற்றிலும் நல்ல இடம் வரும்வரை கிரைண்டரால் திறக்க வேண்டும். பிறகு கழுவ வேண்டும், நல்ல தண்ணீரில். இங்கேதான் வீட்டில் சண்டை வந்தது. எங்கள் கிணற்று நீர் உப்பு. உப்பு நீரில் கழுவினால் உப்பு உள்ளேயே தங்கி மறுபடி ஈரத்தை இழுக்கும். குழாயில் வரும் குடிதண்ணீரைப் பிடித்து வள்ளத்தில் ஊற்றினால் எந்த வீட்டில் சும்மா இருப்பார்கள்? அம்மா 2 நாள் பேசவில்லை. ஆனாலும் ஒரு வாரம், தினம் இருமுறை, குழிகளைத் தூரிகையால் தேய்த்துக் கழுவினேன். கழுவிக் காய்ந்த குழியில் மறுநாள் பிசுபிசுப்பு இருந்தால் இன்னும் கழுவ வேண்டும்.

அப்புறம் காயப் போடுவது. எத்தனை நாள் என்று கேட்டால், நாள் கணக்கு சொல்ல மாட்டேன். ஓர் அடிக்கு ஓர் அடி பாலித்தீன் தாளை வள்ளத்தின் அடிப்பரப்பின் மேல் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் இருக்கிறது. 5 இடத்தில் ஒட்டிப் பார்த்து ஐந்திலும் துளி இல்லாமல் இருந்தால் போதும். எனக்கு 7 வாரம் ஆனது. இதற்கிடையில் தெருவில் போகிற ஒவ்வொருவரும் "என்ன, இன்னும் முடியலையா?" என்று கேட்பார்கள். சிரித்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

எஞ்சின் பலகையை இந்த நாட்களிலேயே சோதித்துவிடுங்கள். வெளியே ஃபைபர் தெரிந்தாலும் உள்ளே பிளைவுட். உள்பக்கமிருந்து சிறு துளை போட்டு, டிரில் கொண்டுவரும் தூளைப் பாருங்கள். வெளிர் நிறத்தில் உலர்ந்து உதிர்ந்தால் நல்லது. கறுத்து, நனைந்த தேயிலைத் தூள் போல வந்தால் உள்ளே மரம் அழுகிவிட்டது. எங்களுடையதில் கீழ் ஓரத்தில் ஒரு கை அகலம் அப்படித்தான் வந்தது. உள்தோலை வெட்டி, அழுகியதை உளியால் எடுத்து, ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் வைத்தேன். போல்ட் துளைகளைப் பெரிதாகத் துளைத்து, எப்பாக்ஸி என்ற இன்னொரு வகைப் பிசினால் அடைத்து, அது இறுகியபின் நடுவில் மறுபடி துளைத்தால் அங்கே தண்ணீர் மரத்தைத் தொடாது. பலகை முழுவதும் போயிருந்தால் நீங்களாகச் செய்யாதீர்கள். எஞ்சின் கடலில் கழன்று விழுந்தால் நஷ்டம் பெரிது.

இனி தேய்ப்பது. பாறையில் பட்ட இடத்தில் நொறுங்கியதை வெட்டி எடுத்துவிட்டு, சுற்றிலும் சரிவாகத் தேய்க்க வேண்டும். தோல் கனத்தைப் போல 12 மடங்கு அகலம் சரிவு வேண்டும். என் வள்ளத்தில் கனம் 4 மில்லிமீட்டர், ஆகவே சுற்றிலும் 5 சென்டிமீட்டர். சரிவு குறைந்தால் ஒட்டு விளிம்பில் விட்டுவிடும். 36 நம்பர் டிஸ்க்கில் தொடங்கி 80-இல் முடியுங்கள். பளபளப்பு எங்கும் மிஞ்சக் கூடாது. தேய்ப்பதற்கு முன்பே அசிட்டோன் துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் எண்ணெயும் மெழுகும் கீறலுக்குள் இறங்கிவிடும். கண்ணாடிச் சுணை தோலில் ஏறினால் ராத்திரி தூக்கம் போச்சு. முழுக்கை சட்டை, நல்ல வடிகட்டி மாஸ்க், முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் குளியல். துண்டால் தேய்க்காதீர்கள். உடுத்த துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கவும் கூடாது.

ரெசின் வாங்கும்போது கடையில் ஐசோ ரெசின் என்று கேளுங்கள், பாலியெஸ்டர் வகைதான், தண்ணீரில் கிடப்பதற்கு அது தேவலை. இறுகுவதை விரைவாக்கும் கோபால்ட் ஏற்கெனவே கலந்ததா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கலக்காதது என்றால் கோபால்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட். இந்த இரண்டும் நேரடியாக ஒன்றையொன்று தொடவே கூடாது, தீயோடு வெடிக்கும். ஒரே அளவுக் குப்பியை இரண்டுக்கும் பயன்படுத்தாதீர்கள். கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகும். பட்டுவிட்டால் அந்த நிமிடமே கண்ணைத் திறந்துபிடித்துக் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

நம் ஊர் வெயிலில் ஒரு கிலோ ரெசினுக்கு 10 மில்லி கேட்டலிஸ்ட் போதும். காலை 8 மணிக்குப் பனி விலகியதும் தொடங்கி 11-க்குள் முடித்துவிடுவேன். ஒரு தடவைக்கு 400 கிராமுக்கு மேல் கலப்பதில்லை. அதற்கு மேல் போனால் பாத்திரத்திலேயே சூடேறிக் கட்டியாகிவிடும். பட்டறையில் ஒரு வாளி ரெசின் புகைந்ததைப் பார்த்திருக்கிறேன். மேஸ்திரி கம்பியில் மாட்டித் தூக்கி வெளியே மணலில் வைத்தார். சின்னக் கலவைக்கு நான் தேங்காய்ச் சிரட்டை வைத்துக்கொள்வேன். நார் சுரண்டி உலர்ந்த சிரட்டை கையில் அடங்கும், முடிந்ததும் எறிந்துவிடலாம். தெர்மாகோல் கப் எடுத்தீர்களானால் ரெசின் அதைக் கரைத்துக்கொண்டு காலில் ஊற்றும். வள்ளத்தின் மிதவை அறையில் தெர்மாகோல் இருந்தால் அங்கேயும் இதே கதைதான். பாலித்தீனால் சுற்றி மறைக்காமல் பக்கத்தில் ரெசின் பூசாதீர்கள்.

கணக்கு இப்படி. பாறையில் பட்ட ஓட்டை சரிவோடு சேர்த்து 45-க்கு 30 சென்டிமீட்டர். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஓர் அடுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம் தரும், அப்படியானால் 4 அடுக்கு. கூட்டிப் பார்த்தால் மேட் கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ரெசின் அதைப் போல இரண்டரை மடங்கு, சேதாரத்தோடு 800 கிராம். சன்மைக்காத் துண்டில் பேக்கிங் டேப் ஒட்டி, உள்பக்கமிருந்து ஓட்டைக்கு அண்டை கொடுத்தேன். ரெசின் அந்த டேப்பில் பிடிக்காது.

எந்த அடுக்கை முதலில் வைப்பது என்பதில் ஆளுக்கொரு பேச்சு உண்டு. நான் பெரியதை முதலில் வைப்பவன். அப்போதுதான் சரிவு முழுவதையும் ஒரே அடுக்கு பற்றிக்கொள்ளும். மேலே சிறியவை. இடத்தில் முதலில் ரெசின் பூசி, மேட்டை வைத்து, தூரிகையால் இழுக்காமல் குத்திக் குத்தி நனைக்க வேண்டும். இழுத்தால் நார் கூடவே வரும். வெள்ளையாக இருந்த மேட் கண்ணெதிரே கண்ணாடி போல் தெளிந்து அடியில் இருக்கும் நிறம் தெரியும். எங்கே வெள்ளை மிஞ்சுகிறதோ அங்கே காற்று இருக்கிறது. இரும்பு ரோலரை நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டி அதை வெளியே தள்ளுங்கள். 2 அடுக்கு போட்டு, சூடு அடங்கியதும் மறு 2 அடுக்கு. ஒரு நாளுக்கு மேல் விட்டுவிட்டால் மீண்டும் தேய்த்துவிட்டுத்தான் அடுத்தது.

ஏராவுக்கு 10, 15, 20 சென்டிமீட்டர் அகலத்தில் 3 பட்டை. 20-ஐ முதலில் வைத்தேன். மேலே இரும்புப் பட்டை அடிக்கலாமே என்று மச்சான் சொன்னான். ஆணி அடித்த ஒவ்வொரு இடமும் தண்ணீருக்கு வாசல். வேண்டாம் என்றுவிட்டேன்.

கொப்புளக் குழிகளுக்கு எப்பாக்ஸியில் சிலிகாத் தூள் குழைத்த புட்டி. கார் ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கும் புட்டி தண்ணீருக்குக் கீழே வேண்டாம், அதிலுள்ள டால்க் ஈரம் குடிக்கும். ஒன்று கவனம்: எப்பாக்ஸி பூசிய இடத்தின் மேல் பாலியெஸ்டர் ஜெல்கோட் சரியாகப் பிடிப்பதில்லை. அதனால் மற்ற இடங்களில் ஒட்டு முடித்தபின், அடி முழுக்க எப்பாக்ஸி பிரைமர் அடித்து, மேலே இரண்டு டப்பா கலக்கிற பெயிண்ட் அடித்தேன். தண்ணீர்க்கோட்டுக்கு மேலே மட்டும் மெழுகு கலந்த டாப்கோட். மெழுகு கலக்காமல் ஜெல்கோட் பூசினால் காற்றுப் பட்ட முகம் எத்தனை நாளானாலும் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

10 நாள் அப்படியே இருந்தது. பிறகு நிமிர்த்தி, மரச்சட்டத்தில் வைத்து, உள்ளே கணுக்கால் ஆழத்துக்குத் தண்ணீர் விட்டோம். வெளியே சாக்பீஸ் தூளைத் தேய்த்துவைத்தால் ஊசிமுனை ஒழுக்கும் கறுத்துக் காட்டிக்கொடுக்கும். எங்கும் கறுக்கவில்லை. அப்பா வள்ளத்தைச் சுற்றி வந்து, பையில் இருந்து ஒரு நாணயத்தை எடுத்து, ஒட்டுப் போட்ட இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் தட்டினார். ஏன் என்று கேட்டதற்கு, "அதை ஆவணியில தட்டுறேன்" என்றார்.

ஆவணியில் ஏற்றினோம். ஒட்டு பிடித்திருந்தது. வலப்பக்கம் அமரத்துக்கு, அதாவது பின்முனைக்கு, அருகில் மட்டும் உளுந்து அளவில் 2 கொப்புளம் புதிதாக வந்திருந்தன. பென்சிலால் வளைத்து வைத்திருக்கிறேன், தையில் திறக்க.