மூன்றாவது பாட்டிலை எங்கே மாட்டுவது?

பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் மலைப்பாதையில் சைக்கிளில் இறங்கும்போது தாகமே தெரியாது. திரும்பி ஏறும்போதுதான் தெரியும். தர்மபுரியிலிருந்து ஒருவழி சுமார் 46 கிலோமீட்டர். சித்திரை வெயிலில் எனக்கு மணிக்கு ஒரு 750 மில்லி பாட்டில் தேவைப்படுகிறது. ரோடு பைக் எனப்படும் வேக சைக்கிளில் இரண்டு பாட்டிலுக்குத்தான் இடம் இருக்கும். அதாவது இரண்டு மணி நேரத்துக்கான தண்ணீர்.

வழியில் பிடித்துக்கொள்ளலாமே என்பார்கள். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். கொதிக்க வைத்தாலும் அது போகாது. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 2013-ல் தொடங்கி வைத்தார்கள். ஒருநாள் குடித்தால் ஒன்றும் ஆகிவிடாது, உண்மைதான். ஆனால் வாராவாரம் ஓட்டுகிறவர் அடிபம்பை நம்பி இருக்க வேண்டாம். குழாயைப் பார்த்தால் "காவிரித் தண்ணியா, போர் தண்ணியா?" என்று கேட்டுவிட்டுப் பிடியுங்கள்.

சரி, கூடுதல் தண்ணீருக்கு வருவோம். முதலில் பாட்டிலை மாற்றுங்கள். 950 மில்லி பாட்டில் இரண்டு போட்டாலே கிட்டத்தட்ட இரண்டு லிட்டர் ஆகிவிடும். ஃப்ரேம் சின்னதாக இருந்தால் உயரமான பாட்டிலை மேலே உருவ முடியாமல் ஃப்ரேமின் மேல் குழாயில் இடிக்கும். அதற்குப் பக்கவாட்டில் எடுக்கிற கேஜ் (பாட்டிலைப் பிடிக்கும் கூடு) கிடைக்கிறது.

அது போதாதென்றால் மூன்றாவது பாட்டில். என் ஓட்டு டவுன் டியூபின், அதாவது ஹேண்டில்பார் பக்கமிருந்து பெடலை நோக்கி இறங்கும் ஃப்ரேம் குழாயின், அடிப்பக்கத்துக்கு. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. அந்த எடை கீழே இருந்தால் வண்டி ஆடாது. அங்கே போல்ட் ஓட்டை இல்லாத ஃப்ரேம்தான் அதிகம். இரும்பு, அலுமினிய ஃப்ரேம் என்றால் பழைய டயர் ட்யூபை வெட்டி, கிளாம்ப் வரும் இரண்டு இடத்திலும் ஒரு சுற்று சுற்றுங்கள். அதன்மேல் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஹோஸ் கிளாம்ப் (திருகி இறுக்கும் உலோக வளையம்) இரண்டைப் போட்டு கேஜை இறுக்குங்கள். கேஜைக் கையால் பிடித்து ஆட்டினால் அசையக் கூடாது, அவ்வளவு இறுக்கம் போதும். கியர், பிரேக் கேபிள் எதுவும் கிளாம்புக்குள் சிக்கவில்லையே என்று பாருங்கள். கார்பன் ஃப்ரேமில் இந்த வேலையே வேண்டாம். கிளாம்ப் நசுக்கி உள்ளே விரிசல் விட்டால் வெளியே தெரியாது. அதற்கென்று வரும் பட்டை வைத்த மவுண்ட்டைத்தான் வாங்க வேண்டும்.

மாட்டிய பிறகு பாட்டிலையும் வைத்து, ஹேண்டில்பாரை இருபுறமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். முன் டயர் எங்கும் உரசக் கூடாது. கிளம்பும் முன் இதை மட்டும் விடவே கூடாது. அங்கே சேறும் சாணியும் தெறிக்கும் என்பதால் மூடி போட்ட வாய் உள்ள பாட்டிலாக இருக்கட்டும். நின்றபோது எடுத்து, காலியான மேல் பாட்டிலில் ஊற்றிக்கொள்ளுங்கள்.

சீட்டுக்குப் பின்னால் இரட்டைக் கேஜ் மாட்டுவதும் உண்டு. வேகத்தடையில் பாட்டில் துள்ளி ரோட்டில் விழும், பின்னால் லாரி வரும். அதனால் எனக்கு அதில் விருப்பமில்லை. மாட்டியே ஆக வேண்டுமென்றால் பாட்டில் கழுத்தில் ட்யூப் வளையம் ஒன்றைப் போட்டுக் கேஜோடு இழுத்து மாட்டுங்கள். முதுகுப்பையில் சுமந்தால் வெயிலில் முதுகு வெந்துபோகும். ஹேண்டில்பார் ஓரத்தில் தொங்கும் சின்னப் பை பரவாயில்லை. ஓட்டிக்கொண்டே எடுக்கலாம், அரை லிட்டருக்கு மேல் வைத்தால் திருப்பம் கனக்கும்.

ஒரு பாட்டிலில் மட்டும் எலுமிச்சை, உப்பு, கொஞ்சம் சர்க்கரை. மற்றவை வெறும் தண்ணீர், ஏற்றத்தில் தலையில் ஊற்றிக்கொள்ளவும் உதவும். அப்புறம், ஒகேனக்கல்லில் மீனும் சாப்பாடும் முடித்த கையோடு எல்லாப் பாட்டிலையும் நிரப்பிக்கொண்டுதான் வண்டியைத் திருப்ப வேண்டும். பென்னாகரம் வரை காடுதான், கடையை நம்ப முடியாது.