சயின்ஸ் ஃபிக்‌ஷன் சிட்டிக்கு டெல்டாவுல இடம் பாக்குறது எப்படி

நீங்க எழுதுற கதைக்கு ஒரு சிட்டி வேணும்னதும் நேரா செவ்வாய்க்கு ராக்கெட் ஏத்திடாதீங்க, முதல்ல அந்த ஊருக்கு தண்ணி எங்கேருந்து வருதுன்னு முடிவு பண்ணுங்க. நம்ம பக்கம் ஜூன் 12 மேட்டூர் தொறப்பாங்களாங்கிறதுதானே பேச்சே, அதையே 2300க்கு தள்ளுங்க, கடல் திருவாரூர் வரைக்கும் ஏறிடுச்சு, ஊரு முழுக்க மிதவை மேல, மதகு யார் கையிலயோ அவங்கதான் ராஜா. வில்லன் தானா வந்துடுவான்.

மேப் போட பூம்புகாரைப் பாருங்க. கடல் பக்கம் மருவூர்ப்பாக்கம், உள்ள தள்ளி பட்டினப்பாக்கம், நடுவுல பகல் சந்தை நாளங்காடி, அந்தக் காலத்துலயே ஏரியா பிரிச்சு வச்சிருக்காங்க.

பேருக்கு வாங்க. நியோ தஞ்சாவூர்லாம் வேணாம் ப்ளீஸ், சோம்பேறித்தனம். புகார்னா ஆறு கடல்ல புகுற இடம் (இப்ப கம்ப்ளைன்ட்னு அர்த்தமாயிடுச்சு, அது வேற கதை), அதாவது இடத்தோட வேலைதான் பேரு. அதுபோல ஊரு என்ன செய்யுதோ அந்த வார்த்தையோட துறை, குடி, பூண்டி, மங்கலம்னு ஒண்ண ஒட்டுங்க. மிதவைத்துறைன்னு வைங்க.

அப்புறம் அந்தப் பேரைத் தேய விடணும், இதத்தான் நிறைய பேர் மறந்துடுறாங்க. மாயவரத்த (அதான் இப்ப மயிலாடுதுறை) பெருசுங்க இன்னும் மாயரம்ங்குதுங்க, அப்ப மிதவைத்துறையும் முந்நூறு வருஷத்துல மெத்துறை ஆயிருக்கும்ல? கண்டக்டர் மாதிரி ரெண்டு தடவ கத்திப் பாருங்க, "மெத்துறை மெத்துறை!" வாய்ல சிக்கலன்னா அதையே வச்சுக்கங்க.