கெட்டிச் சுவர் வீட்டுக்கு எளிதான ரவுட்டர்

புதுச்சேரியிலும் கடலூரிலும் ஃபைபர் இணைப்பு வாங்கியவர்கள் பலர், உள்ளறையில் வைஃபை எட்டவில்லை என்றதும் கடைக்குப் போய் ஆன்டெனா அதிகமுள்ள ரவுட்டரைக் கேட்கிறார்கள். அதற்கு முன், இணைப்புக் கொடுத்தவர்கள் வாசலருகே மாட்டிவிட்டுப் போன பெட்டியைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அதிலேயே வைஃபை இருக்கும் என்பதால், அதை வீட்டின் நடுப்பகுதிக்கு மாற்றினாலே குறை தீர்ந்துவிடலாம். ஆனால் ஃபைபர் கம்பியை நாமே மடக்கி இழுத்தால் உள்ளே இருக்கும் கண்ணாடி இழை முறியக்கூடும். இணைப்பு ஊழியரை அழைப்பதே நல்லது.

அப்படியும் தீராவிட்டால், சுவரைப் பார்த்து ரவுட்டர் வாங்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைக் கடந்து ஓரளவு தூரம் போகும், ஆனால் வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் புதுச்சேரி வைசியாள் வீதிப் பழைய வீடுகளில் உள்ளதைப் போன்ற செங்கல் சுண்ணாம்புச் சுவர்கள் இரண்டைத் தாண்டுவதற்குள் துவண்டுவிடும். ஆகவே இரண்டு அலைவரிசைகளையும் ஒரே பெயரில் காட்டி, எது பொருத்தமோ அதில் கைபேசியைத் தானே சேர்த்துவிடும் டூயல் பேண்ட் ரவுட்டரே வீட்டாருக்கு எளிது. நடுவில் முற்றம் வைத்து நீளமாகக் கட்டிய வீட்டுக்கு எவ்வளவு விலை கொடுத்தாலும் ஒரு ரவுட்டர் போதாது. அங்கே, பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் மெஷ் வகை வாங்கலாம். லேன் கம்பி இழுக்க வழியிருந்தால், பின்கட்டில் இன்னொரு ரவுட்டரை, அந்தக் கம்பியில் வரும் இணைப்பை வைஃபையாகப் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் முறையில் வைப்பதையே நான் விரும்புவேன்.

அட்டைப்பெட்டியில் 1200 என்று அச்சிட்டிருப்பது உங்களுக்குக் கிடைக்கப்போகும் வேகமன்று. 2.4 அலைவரிசையின் 300 எம்பிபிஎஸ்ஸையும் 5 அலைவரிசையின் 867 எம்பிபிஎஸ்ஸையும் கூட்டி, சற்றே உயர்த்திப் போட்ட எண் அது. அதே ரவுட்டரின் கம்பித் துளைகள் 100 எம்பிபிஎஸ் மட்டுமே தாங்குவனவாக இருந்தால், 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டியும் பாதிதான் வீட்டுக்குள் வரும். எனவே 1000 எம்பிபிஎஸ் வரை தாங்கும் கிகாபிட் போர்ட் உண்டா என்று கேட்டு வாங்க வேண்டும்.

எளிமை என்பது, நீங்கள் ஊரில் இல்லாதபோது வீட்டிலுள்ள பெரியவர் அதைச் சமாளிக்க முடிவதுதான். கைபேசிச் செயலி வழியாக அமைக்கக்கூடியதா, மென்பொருளைத் தானே புதுப்பித்துக்கொள்கிறதா, வைஃபை கடவுச்சொல்லைக் காக்கும் புதிய முறையான டபிள்யூபிஏ3 பாதுகாப்பு உண்டா என்று பாருங்கள். இணைப்புக்குரிய பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தேவைப்பட்டால், ஊழியர் வந்திருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

2011இல் ‘தானே’ புயலையும் 2024இல் ஃபெஞ்சலையும் கண்ட கரை இது. மின்சாரம் போனாலும் இணைப்பு வேண்டுமென்றால் ரவுட்டருக்கு மின்கலத்திலிருந்து மின்சாரம் தரும் மினி யுபிஎஸ் உதவும். ரவுட்டர் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா, எத்தனை ஆம்பியர் என்பதை அடாப்டரில் பார்த்து அதற்கேற்ப வாங்குவதோடு, ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் அதே ஏற்பாட்டைச் செய்ய வேண்டும்.