வட்டத்தின் சுற்றளவு: எந்த விட்டத்தை அளப்பது, எப்படி அளப்பது?

விட்டத்தைப் பையால் (π, ஏறக்குறைய 3.14) பெருக்கினால் சுற்றளவு. ஆரம்தான் தெரியும் என்றால் முதலில் அதை இரட்டித்துக்கொள்ள வேண்டும். சூத்திரம் இவ்வளவுதான். ஆனாலும் பட்டறையிலும் தையல் மேசையிலும் வட்டக் கணக்கு அடிக்கடி தவறுகிறது. பெரும்பாலும் பெருக்கல் சரியாகவே இருக்கும். பெருக்குவதற்கு எடுத்த விட்டம்தான் தவறாக இருக்கும். அதனால் இங்கே அளப்பதற்கே கூடுதல் இடம் தருகிறோம்.

விளிம்பின் இரு புள்ளிகளை இணைக்கும் நேர்கோடு நாண். மையம் வழியாகச் செல்லும் நாண்தான் விட்டம். ஒரு வட்டத்தில் வரையக்கூடிய நாண்களில் அதைவிட நீளமானது இல்லை. மையம் குறிக்காத தட்டு, மூடி, குழாய்வாய் எதையும் அளக்க இந்த ஒரு உண்மை போதும். ஸ்கேலின் பூஜ்ஜியத்தை விளிம்பில் ஓரிடத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுமுனையை இடமும் வலமுமாக மெல்ல நகர்த்துங்கள். அளவு ஏறிப் பிறகு இறங்கும். ஏறிய உச்சம்தான் விட்டம். 30 செ.மீ. தட்டில் ஸ்கேல் மையத்தை விட்டு 2 செ.மீ. விலகிப் போனால் 29.7 செ.மீ. என்றுதான் காட்டும், சுற்றளவில் 8 மி.மீ. காணாமல் போகும். மையம் தவறுவதால் வரும் பிழை எப்போதும் குறைவாகவே காட்டும் என்பதால், பல அளவுகளின் சராசரி இங்கே உதவாது. பெரிய அளவையே எடுக்க வேண்டும்.

மையமே தேவைப்பட்டால் மூலைமட்டம் (செங்கோணம் பார்க்கும் ‘L’ வடிவக் கருவி) போதும். அதன் முனையை வட்டத்தின் விளிம்பில் வைத்து, இரண்டு கைகளும் விளிம்பை வெட்டும் இடங்களைக் குறித்து இணையுங்கள். அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்பதால், அந்தக் கோடு ஒரு விட்டம். வேறோர் இடத்தில் இதையே மறுபடி செய்தால், இரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளி மையம்.

வட்டம் உண்மையிலேயே வட்டம்தானா என்றும் பார்த்துவிடுங்கள். மூன்று திசைகளில் விட்டத்தை அளந்தால் தெரிந்துவிடும். ஒரு பக்கம் 60, மறுபக்கம் 58 செ.மீ. என்ற அளவுக்குச் சப்பையாக இருந்தால் சராசரி 59-ஐப் பையால் பெருக்கலாம். பிழை நூலளவுகூட வராது. 60-க்கு 30 என்ற நீள்வட்ட மேசைக்கு அது செல்லாது. சராசரி வழி 141.4 செ.மீ. தரும், உண்மை 145.3. இதற்கு இராமானுஜன் 1914-இல் தந்த வாய்பாடு அருமையாக உதவும். பாதி அளவுகள் 30, 15. கூட்டி மூன்றால் பெருக்கினால் 135. மூன்று முப்பதும் ஒரு பதினைந்தும் 105. ஒரு முப்பதும் மூன்று பதினைந்தும் 75. இவற்றின் பெருக்கல் 7875, அதன் வர்க்கமூலம் 88.74. அதை 135-இல் கழித்து, வரும் 46.26-ஐப் பையால் பெருக்குங்கள்.

பை மதிப்பாக எதை எடுப்பது? 22/7 சற்றுக் கூடுதல், 3.14 சற்றுக் குறைவு. 1 மீட்டர் விட்டத்துக்கு உண்மைச் சுற்றளவு 3141.6 மி.மீ. 22/7 வைத்தால் 3142.9, 3.14 வைத்தால் 3140. மரவேலைக்கும் தையலுக்கும் இரண்டில் எதுவும் போதும். விட்டம் 7-இன் மடங்காக இருந்தால் 22/7 மனக்கணக்காகவே முடியும்: விட்டம் 35 என்றால் ஐந்து இருபத்திரண்டு, 110. 10 மீட்டர் தொட்டிக்குத் தகடு வெட்டும்போது மட்டும் 3.1416 எடுங்கள், 3.14 அங்கே 16 மி.மீ. குறைத்துவிடும். ஆரியபட்டர் 499-இலேயே, விட்டம் 20,000 என்றால் சுற்று 62,832-க்கு நெருக்கம் என்று சொன்னதும் இதே 3.1416-தான்.

சில சமயம் சுற்றளவை நேரடியாக அளந்து, பையால் வகுத்து விட்டம் காண்பதே எளிது. தூண், குழாய், அடிமரம் எல்லாம் அப்படித்தான். தடித்த சணல் வேண்டாம். 2 மி.மீ. சணலைச் சுற்றினால் அதன் நடுக்கோடு விளிம்பிலிருந்து 1 மி.மீ. தள்ளி ஓடும், சுற்றளவு 6 மி.மீ. கூடும். காகிதப் பட்டையை இறுக்கிச் சுற்றி, ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் குண்டூசியால் குத்தி, பிரித்து வைத்து இரு துளைகளுக்கும் இடையே அளப்பது நம்பகமான வழி. மெல்லிய குழாயானால் தையல் நூலை நெருக்கமாகப் பத்துச் சுற்று சுற்றி, நீளத்தைப் பத்தால் வகுங்கள்.

அந்தச் சணலின் தடிமன் செய்த வேலையைத் தகட்டின் தடிமனும் செய்யும். உள்விட்டம் 600 மி.மீ. உள்ள உருளையை 3 மி.மீ. தகட்டில் வளைக்க வேண்டும் என்று வையுங்கள். வளைக்கும்போது வெளிப்பக்கம் நீளும், உட்பக்கம் சுருங்கும். தகட்டின் நடுப்பகுதி மட்டும் ஏறக்குறைய அதே நீளத்தில் நிற்கும். ஆகவே உள்விட்டத்தோடு ஒரு தடிமனைச் சேர்த்து 603-ஐப் பெருக்க வேண்டும்: 1894.4 மி.மீ. 600-ஐப் பெருக்கி 1885-இல் வெட்டினால் விளிம்புகளுக்கு இடையே 9 மி.மீ. இடைவெளி விழும். இழுத்துச் சேர்த்து வெல்டிங் வைத்தால் உள்விட்டம் 597 ஆகிவிடும். விட்டத்தில் எவ்வளவு கூடினாலும் குறைந்தாலும் சுற்றளவில் அதைப்போல் 3.14 மடங்கு மாறும். வட்டம் சிறியதா பெரியதா என்பது இதில் பொருட்டே இல்லை.

முழு வட்டமாக வெட்டும் அம்பர்லா பாவாடையில் இது இரண்டு இடத்தில் வரும். இடுப்புச் சுற்று 28 அங்குலம் என்றால், நான்காக மடித்த துணியின் மடிப்பு மூலையிலிருந்து குறிக்க வேண்டிய ஆரம் 28-ஐ 6.28-ஆல் வகுத்து வரும் 4.46, அதாவது நாலரை அங்குலம். 3.14-ஆல் வகுத்தால் வருவது விட்டம். அதையே ஆரமாகக் குறித்துவிட்டால் இடுப்பு 56 ஆகும், துணி பாழ். நாலரை என்பது தையல் விழும் கோடு. வெட்டும் கோடு தையலுக்கான அரை அங்குலம் உள்ளே, 4 அங்குலத்தில் இருக்க வேண்டும். நாலரையில் வெட்டி, அதிலிருந்து அரை அங்குலம் தள்ளித் தைத்தால் இடுப்பு 31 அங்குலத்தைத் தாண்டும். வெட்டியதும் இடுப்பு ஓரத்தில் ஒரு ஓட்டுத்தையல் போட்டுவிடுங்கள். துணி அங்கே சில இடங்களில் குறுக்காக விழுவதால், கையாளும்போதே இழுபட்டு அகலும்.

உயரம் 36 அங்குலம் என்றால் கீழ் ஓரத்தின் ஆரம் 40.46, சுற்று 254 அங்குலம், கிட்டத்தட்ட ஆறரை மீட்டர். லேஸ் ஏழு மீட்டராக வாங்குங்கள். ஓரத்தை அரை அங்குலம் மடித்தால், மடிப்புக்கு வெளியே அரை அங்குலத்தில் இருந்த விளிம்பு உள்ளே அரை அங்குலத்தில் வந்து உட்காரும். ஆரம் ஓர் அங்குலம் குறைகிறது, 6.28 அங்குலத் துணி மிஞ்சிச் சுருக்கம் விழும். கால் அங்குலம் மடித்தால் மிச்சம் 3.14 அங்குலம்தான், மெல்லிய துணியில் அது தெரியாது. வட்டப் பாவாடைக்கு அகல மடிப்பு ஆகாது என்று தையல்காரர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

முழு வட்டம் தேவையில்லை, ஒரு வில் போதும் என்றால் கோணத்தை 360-ஆல் வகுத்து முழுச் சுற்றளவோடு பெருக்குங்கள். நடுக்கோட்டு ஆரம் 200 மி.மீ. வைத்துக் குழாயை 90 பாகை வளைக்க, முழுச் சுற்று 1257-இல் கால்பங்கு, 314 மி.மீ. வேண்டும்.

சக்கரத்துக்குக் கணக்கைவிட உருட்டிப் பார்ப்பதே மேல். சைக்கிள் டயரில் 40-635 என்று போட்டிருந்தால் ரிம் 635 மி.மீ., டயர் 40 மி.மீ. இருபுறமும் டயரைச் சேர்த்து விட்டம் 715, சுற்றளவு 2246 மி.மீ. ஆள் ஏறி உட்கார்ந்தால் டயர் அடியில் அமுங்கும். ஒரு சுற்றில் கடக்கும் தூரம் இதைவிடக் குறையும். வேகமானியில் பதிக்க வேண்டியது அந்தக் குறைந்த எண்தான். காற்றைச் சரியாக அடித்து, வால்வு நேர் கீழே இருக்கும்போது தரையில் சாக்பீஸ் கோடு போடுங்கள். ஏறி உட்கார்ந்து, நேர்கோட்டில் வால்வு ஐந்து முறை கீழே வரும்வரை உருட்டி மறுகோடு போட்டு, இடைத்தூரத்தை ஐந்தால் வகுங்கள்.