ஹெட்டைக் கழற்றும் முன் இன்ஜின் ஆறட்டும்

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளைப் பாரத்தோடு ஏறும் பழைய லாரிக்கு ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) போவது சகஜம். ரேடியேட்டரில் குமிழி, ஆயில் பால் காபி நிறம் என்றால் ஹெட்டை இறக்கிப் பார்க்கத்தான் வேண்டும்.

சூட்டோடு கை வைக்காதீர்கள், ஹெட் வளைந்துவிடும். தண்ணீரை வடித்துவிட்டு, ஓரத்து போல்ட்டில் தொடங்கி நடுவை நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். புஷ் ராடுகளை (வால்வுகளை இயக்கும் நீளக் கம்பிகள்) ஓர் அட்டையில் வரிசை மாறாமல் குத்தி வையுங்கள்.

அப்புறம், பலரும் கோட்டைவிடும் இடம்: பிளாக்கில் உள்ள போல்ட் துளைகள். உள்ளே ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் டார்க் ரென்ச் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) சரியான அளவைக் காட்டும், ஆனால் ஹெட் இறுகியிருக்காது. பிளாக்கே விரிசல் விடலாம். துணியைக் கம்பியில் சுற்றி ஒவ்வொரு துளையையும் துடையுங்கள். ஹெட் வளைந்திருந்தால் சேலத்தில் லேத் பட்டறைக்கு அனுப்பி ஃபேசிங் (அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்குவது) செய்யுங்கள். திரும்ப முடுக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு.