கான்செப்ட் கார் வரைய: முதலில் டயர், அப்புறம் ஆள்

கான்செப்ட் கார் என்பது ஒரு புது யோசனையைக் காட்டச் செய்யும் மாதிரி வண்டி. அதை வரையத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முகப்பு விளக்கில்தான் பென்சிலை வைக்கிறார்கள். நான் டயரில் தொடங்குவேன். டயர் அளவு தெரிந்தால் வண்டியின் பாதி அளவுகள் தானாக வந்துவிடும்.

டயரில் 225/45 ஆர்17 என்று எழுதியிருந்தால் அகலம் 225 மி.மீ. பக்கச் சுவரின் உயரம் அதில் 45 சதவீதம், அதாவது சுமார் 101. ரிம்மின் 17 அங்குலம் என்பது 432 மி.மீ. மேலும் கீழும் சுவரைக் கூட்டினால் விட்டம் ஏறக்குறைய 634. 1:20 அளவில் தாளில் 32 மி.மீ. வட்டம். ஒரே தரைக்கோட்டில் இரண்டு வட்டம் போட்டு, நடுவில் இன்னும் மூன்று சக்கரம் கொள்ளும் இடம் விடுங்கள். வீல்பேஸ், அதாவது முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரையிலான தூரம், 2.54 மீட்டர் வரும். 2.7 வரை நீட்டினாலும் அழகு கெடாது.

அடுத்து ஆளை உட்கார வையுங்கள். கூரையைத் தாழ்த்தி வரைந்த எத்தனையோ படங்களில் ஓட்டுநருக்குத் தலை வைக்க இடமே இருக்காது! செடானில் இடுப்பு மூட்டு குதிகாலுக்கு மேல் சுமார் 250 மி.மீ. இருக்கும், ஸ்போர்ட்ஸ் காரில் 150. முதுகைச் செங்குத்திலிருந்து 25 டிகிரி சாய்த்து, தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டுக் கூரையைப் போடுங்கள். மின்சார வண்டியில் தரைக்கடியில் பேட்டரி இருப்பதால் ஆளும் கூரையும் 10 செ.மீ.க்கு மேல் எழும்பும். அந்த உயரம் கண்ணை உறுத்தாமலிருக்கத்தான் பெரிய சக்கரம் மாட்டுகிறார்கள்.

மேலிருந்து பார்க்கும் படத்தையும் போடுங்கள். முன்சக்கரத்தை 35 டிகிரி திருப்பி வரைந்தால் உடலில் இடிக்கிறதா என்று தெரியும். வளைவில் உள்பக்கச் சக்கரம் வெளிப்பக்கத்தைவிட அதிகம் திரும்பவேண்டும், 1818இல் அக்கர்மான் என்பவர் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இதுதான்.

கவிழுமா என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு: இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை, ஈர்ப்பு மைய உயரத்தின் இரு மடங்கால் வகுங்கள். எண் பெரிதாக இருந்தால் கவிழ்வது கடினம். 1.6 மீட்டரும் 0.55 மீட்டரும் என்றால் 1.45, சரி. மையம் 0.8க்கு ஏறினால் 1 ஆகிவிடும். நல்ல டயர் காய்ந்த சாலையில் பிடிக்கும் பிடிக்கு, சறுக்கும் முன்பே கவிழ்ந்துவிடலாம்.

காற்றைப் பற்றி ஒன்று மட்டும்: வேகம் இரட்டித்தால் காற்றுத் தடை நான்கு மடங்கு. பின்பக்கத்தை மெல்லச் சரித்துக்கொண்டுபோய்ச் சட்டென்று வெட்டிவிடுவது, 1930களில் ஜெர்மன் பொறியாளர் வுனிபால்ட் காம் ஆராய்ந்த அந்த வால், இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது.

இத்தனை கணக்கு எதற்கு, கான்செப்ட்தானே என்பவர்களுக்கு: 1938இன் பியூக் ஒய்-ஜாப் என்ற கான்செப்ட் காரை, ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல் சொந்த வண்டியாகவே ஓட்டினார்.

கோணத்தில் வரையும்போது சக்கரம் நீள்வட்டமாகும். அதன் குட்டை அச்சு, சக்கரம் சுழலும் தண்டான ஆக்சிலின் திசையிலேயே போகவேண்டும். சந்தேகம் வந்தால் தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பின்பக்கமாகப் பாருங்கள், கோணல் உடனே தெரியும்.